பென்சில் மதிப்பெண்

ஜூலை 9

அன்புள்ள அக்கா,

போனில் பேசினால் ஐந்தாவது நிமிஷம் நமக்குள் சண்டை வந்துவிடுகிறது. தாளில் கத்த முடியாது, அதனால் எழுதுகிறேன். கால்வலி எப்படி இருக்கிறது? நர்ஸ் தன் காலுக்கு மருந்து தடவக் கூடாது என்று யாரும் சட்டம் போடவில்லை.

உன் மகள் வாலு நன்றாக இருக்கிறாள். எட்டாம் வகுப்பில் என் அறிவியல் பாடத்திலேயே வந்து மாட்டிக்கொண்டாள். வீட்டிலும் நான், பள்ளியிலும் நான், பாவம்! ஆனால் இந்த வருஷம் என் வகுப்பு வேறு மாதிரி. திங்கட்கிழமை பிள்ளைகளே பலகையில் கேள்வி எழுதி, அந்த வாரம் எதைப் படிப்பது என்று முடிவு செய்கிறார்கள். அவரவர் பரீட்சைத் தாளையும் அவரவரே திருத்துகிறார்கள். மதிப்பெண்ணைப் பென்சிலில் போட்டு, ஏன் அவ்வளவு என்று கீழே எழுத வேண்டும். நான் அதன்மேல் மையால் எழுதி அலுவலகத்துக்குக் கொடுப்பேன். "உங்க படிப்பு, உங்க மார்க்கு. நான் கை வைக்க மாட்டேன்" என்று முதல் நாளே வாக்குக் கொடுத்துவிட்டேன்.

தலைமையாசிரியர் வாசலில் நின்று, "இது வகுப்பா, சந்தைக்கடையா?" என்று கேட்டுவிட்டுப் போனார். போகட்டும். வாலு திருத்திய முதல் தாளை இதோடு வைத்திருக்கிறேன்.

உன் தங்கை

ஜூலை 24

அடி மண்டு,

தாள் வந்தது. நூற்றுக்கு முப்பத்தொன்று! மயக்கம் வராத குறைதான். இரண்டு தரம் படித்தேன். விடையெல்லாம் சரியாகத்தானே இருக்கிறது? கீழே என்ன எழுதியிருக்கிறாள் பார்: "பாதிக்கு மேல் மனப்பாடம். யாராவது ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. புரிந்ததற்கு மட்டும் மார்க் போட்டேன்." இது என்ன கூத்து?

நான் நோயாளியைக் கேட்டா ஊசி மருந்தின் அளவை முடிவு செய்கிறேன்? சின்னப் பிள்ளைகளிடம் சாவியைக் கொடுத்துவிட்டு நீ வேடிக்கை பார்க்கிறாய். அவள் அப்பா போனபின் இவள் ஒருத்தி தேறினால் போதும் என்றுதான் இவ்வளவு தூரத்தில் கிடக்கிறேன்.

சொல்லிவிட்டேன். அரையாண்டில் எழுபதுக்குக் கீழே வந்தால் இங்கே கூட்டி வந்துவிடுவேன். என் குடியிருப்புக்கு எதிரிலேயே பள்ளி இருக்கிறது, இடமும் கேட்டு வைத்துவிட்டேன்.

கோபத்தில் எழுதிவிட்டேன். நீ வேளைக்குச் சாப்பிடு.

அக்கா

ஆகஸ்ட் 11

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் வந்ததிலிருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் எதற்கு எழுந்தேன் என்று தெரியவில்லை. துவைத்த துணியையே மறுபடி ஊறவைத்திருக்கிறேன். வாலு சிரிக்கிறாள். ஏன் என்று அவளிடம் சொல்லவில்லை.

ஐந்து வயதில் என் கையில் கொடுத்தாய். எட்டு வருஷம். கூட்டிப்போகிறேன் என்று ஒரே வரியில் எழுதிவிட்டாய். நீ பெற்றவள், உனக்கு உரிமை இருக்கிறது. அவளை விட்டு இருக்க எனக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

ஒன்று சொல்கிறேன், கேள். போன வாரம் பலகையில் அவள் எழுதிய கேள்வி: "கொதிக்கிற தண்ணீரில் வரும் குமிழிக்குள் என்ன இருக்கிறது?" மூன்று நாள் நாலு பேர் அடுப்பை விட்டு நகரவில்லை. ஒரு பாத்திரம் கருகிப்போனது. முதலில் வரும் பொடிக் குமிழி காற்று, பிறகு வரும் பெரிய குமிழி தண்ணீரேதான், ஆவியாகி வருகிறது என்று அவளே எல்லோருக்கும் சொன்னாள். ஒரு தடுமாற்றம் இல்லை. அன்றைக்கு அவள் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும் அக்கா.

கொஞ்சம் பொறு.

உன் தங்கை

டிசம்பர் 20

அன்புள்ள மண்டு,

பள்ளி அலுவலகத்திலிருந்து அரையாண்டுப் பட்டியல் வந்தது. அறிவியல் எழுபத்தெட்டு! வார்டில் எல்லோருக்கும் காட்டிவிட்டேன். "பொண்ணு டாக்டராயிடுவா போல" என்று வயதான நோயாளி ஒருவர் சொன்னார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

பார்த்தாயா, கொஞ்சம் மிரட்டினால் எல்லாம் நடக்கிறது. எதிர்ப் பள்ளியில் இடம் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். அவள் உன்னிடமே இருக்கட்டும். உன்னையும் திட்டிவிட்டேன், மனதில் வைத்துக்கொள்ளாதே.

அக்கா

ஜனவரி 6

அக்கா,

நாலு தாளைக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன். அந்த எழுபத்தெட்டு நான் போட்டது.

அவள் பென்சிலில் போட்டிருந்தது நாற்பத்து மூன்று. எப்போதும்போல் புரிந்ததற்கு மட்டும். நான் திருத்தியிருந்தால் எழுபத்தெட்டுதான் வரும், அதனால் பொய்யில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, ரப்பரால் அழித்து மையால் எழுதினேன். அவள் போய்விடுவாளே என்ற பயம். வேறு ஒன்றும் இல்லை.

விடுமுறை முடிந்து முதல் நாள் வகுப்பில் பட்டியலையும் விடைத்தாள்களையும் கொடுத்தேன். கொடுக்காமல் எத்தனை நாள் இழுப்பது? வாலு எழுந்து நின்றாள்.

"சித்தி, இது என் மார்க் இல்ல."

பின்வரிசையில் ஒருவன், "அப்ப எங்களுதையும் மாத்திட்டீங்களா டீச்சர்?" என்று கேட்டான். நாற்பது பேரும் அவரவர் தாளைப் புரட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள். அக்கா, நான் அப்படியே செத்துவிடலாம் போல இருந்தது. மற்ற யாருடையதையும் மாற்றவில்லை என்று சொன்னேன். யார் நம்புவார்கள்?

அவள் நேரே தலைமையாசிரியர் அறைக்குப் போய் நாற்பத்து மூன்று என்று திருத்தி வாங்கிவந்தாள். எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் கிடைத்தது. அது எனக்கு வேண்டியதுதான். வீட்டில் அவள் கேட்டது ஒன்றே ஒன்று: "எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

எழுபதுக்குக் கீழே வந்துவிட்டது. நீ சொன்னது சொன்னதுதான் என்றால், அவள் துணிகளை எடுத்துவைக்கிறேன்.

தங்கை

ஜனவரி 22

மண்டு,

படித்துவிட்டு உன்னைக் கன்னாபின்னாவென்று திட்டினேன். அப்புறம் அழுகை வந்தது. எழுபது என்று மிரட்டினவள் நான். உன்னை மட்டும் எப்படிக் குற்றம் சொல்வது?

அவளுக்குப் போன் போட்டு, "வந்துடுடி, எதிர்ப் பள்ளியில மறுபடி இடம் கேட்டு வாங்கிட்டேன்" என்றேன். "அம்மா, நீயும் முடிவு பண்ணிட்டுத்தான் எங்கிட்ட சொல்ற" என்றாள். சரி, நீயே சொல் என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டாள். நாலு நாளாகிறது. டியூட்டியில் ஒரு மருந்துச் சீட்டைக்கூட ஒழுங்காகப் படிக்க முடியவில்லை. உன்னிடம் ஏதாவது சொன்னாளா?

அக்கா

பிப்ரவரி 3

அன்புள்ள அக்கா,

சொன்னாள். உன்னிடமும் வரமாட்டாளாம், என்னிடமும் இருக்கமாட்டாளாம். இதே பள்ளியில், இதே வகுப்பில் படிப்பாளாம், விடுதியில் தங்கி. "கோவமா?" என்று கேட்டேன். "கொஞ்சம். அதுக்காக இல்ல. யாருக்கும் பயப்படாம என் மார்க்க நான் போடணும், சித்தி" என்றாள்.

போகாதே என்று கெஞ்சினேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அழுதேன். அவளும் அழுதாள். ஆனால் முடிவை மாற்றவில்லை. இருபது நிமிஷ நடைதான், ஆனாலும் வீடு வெறிச்சென்று கிடக்கும்.

வகுப்பை மூடிவிடவா என்று பிள்ளைகளிடம் கேட்டேன். வேண்டாம் என்றார்கள். இனி நான் மையால் எழுதும்போது இரண்டு பேர் பக்கத்தில் நின்று பார்ப்பார்களாம். முதல் வாரம் நின்றவர்களில் வாலுவும் ஒருத்தி. என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். முடிந்ததும், "சரியா இருக்கு டீச்சர்" என்றாள்.

விடுதி விண்ணப்பத்தை இதோடு அனுப்புகிறேன். எல்லாவற்றையும் அவளே நிரப்பிவிட்டாள். உன் கையெழுத்துக்குக் கீழே உள்ளூர்ப் பாதுகாவலர் பெயர் என்று ஒரு வரி இருக்கிறது, அதை மட்டும் விட்டுவைத்திருக்கிறாள். எட்டு வருஷமாக எல்லாத் தாளிலும் அந்த வரியில் என் பெயர்தான். எழுதக் கை துறுதுறுத்தது. எழுதவில்லை. யார் பெயரைப் போடுவது என்று அவளையே கேட்டு எழுது அக்கா.

உன் தங்கை