‘உதவினேன்’ என்ற சொல்லை நீக்குவது குறித்து

தோ பாயோ வட்டாரத்தில் வசிக்கும் இளமாறன் ஆகிய நான், ஐம்பத்திரண்டு வயதினன், சட்டம் பயின்றவன், பதினான்கு மாதங்களாக வேலையற்றவன், உங்களுக்கு எழுதுவது: இதில் நானே கண்டவையும் உண்டு, பிறர் சொல்லக் கேட்டவையும் உண்டு. எது எது என்பதை அந்தந்த இடத்தில் தெளிவுபடுத்துகிறேன்.

இன்று காலை பழைய கோப்பைத் திறந்தபோது, ஜாலான் புசார் தெருக் கடைக்காரர்களின் குத்தகை உடன்பாட்டு நகல் கிடைத்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் பச்சை மையில் உங்கள் சுருக்கொப்பம். இரண்டாமவர் படித்து ஒப்பமிடாமல் எந்தத் தாளும் நம் அலுவலகத்தை விட்டு வெளியேறியதில்லை. பன்னிரண்டு ஆண்டுகள் எனக்கு நீங்களும் உங்களுக்கு நானும் அந்த இரண்டாமவர்.

கப்பல் நிறுவனம் ஒன்றின் சட்ட ஆலோசகர் பணிக்கு இன்று மாலை ஐந்து மணிக்குள் விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. ஆட்குறைப்பில் வெளியேறிய பிறகு என் ரெஸ்யூமேயைத் திருத்திக்கொண்டே இருந்தேனே தவிர, மூன்று இடங்களுக்கு மட்டுமே அனுப்பினேன். எல்லா வரிகளும் ‘உதவினேன்’, ‘பங்கேற்றேன்’ என்றே முடிந்தன. வேலைவாய்ப்பு ஆலோசகரான இளம்பெண் பொறுமையாகப் படித்துவிட்டு, “அப்போ நீங்க என்னதான் செஞ்சீங்க சார்?” என்று கேட்டார். ஒப்பமிட ஆளில்லாத தாளில் உண்மைக்கு மேல் ஒரு சொல் ஏறிவிடுமோ என்று பயந்தேன். ‘நான் வரைந்தேன்’ என்று எழுதினால் அந்த உடன்பாட்டுக்காக உழைத்த பதினொரு நாட்களிலிருந்து நீங்கள் காணாமற்போய்விடுவீர்களோ என்ற பயமும் இருந்தது.

உடன்பாடு கையெழுத்தான அன்று கோப்பிக்கடையில் நீங்கள் சொன்னது நினைவிருக்கிறது. “மாறன், முழுசும் நீங்க எழுதினது. நான் படிச்சேன், அவ்வளவுதான்லா.” நாம் இருவரும் செய்ததாகவே எழுதுவேன் என்றேன். “உங்க கல்யாணப் பத்திரிகையிலயும் ரெண்டு மாப்பிள்ளை போட்டிருப்பீங்க போல” என்று சிரித்தீர்கள்.

இது நான் மட்டும் கேட்டது, எனக்கே சாதகமானது. வேறொருவர் உறுதிசெய்யாமல் எதையும் நம்ப நான் பழகவில்லை. எனவே மதியம் கேலாங்கிற்கு, உங்கள் மனைவி சாந்தியிடம் போனேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு என் ரெஸ்யூமேயின் இரண்டு பக்கங்களையும் படித்தார்.

“இதுல நீங்க எங்கண்ணே இருக்கீங்க? பக்கத்து வீட்டுக்காரரைப் பத்தி எழுதின மாதிரி இருக்கு.”

அந்த உடன்பாட்டைப் பற்றி வீட்டில் நீங்கள் ஏதாவது சொன்னதுண்டா என்று கேட்டேன்.

“எல்லாம் மாறன் எழுதினதுன்னுதான் சொன்னார். அவருக்கு ஒரே ஒரு பிழைதான் கிடைச்சதாம். அதைக் கண்டுபிடிச்சிட்டோம்னு ரெண்டு நாள் அவ்வளவு சந்தோஷமா இருந்தார்.”

அந்தப் பிழையை நான் அறிவேன். குத்தகையைப் புதுப்பிக்கும் தேதியில் ஒரு மாதம் பிசகியிருந்தேன். நீங்கள் பார்த்திராவிட்டால் சில கடைகள் காலியாகியிருக்கும். தேதியைத் திருத்தி, ஓரத்தில் ஒப்பமிட்டு, தாளை நகர்த்தி வைத்தீர்கள். அதில் உங்களுக்கு அத்தனை மகிழ்ச்சி இருந்தது இன்றுதான் எனக்குத் தெரியும்.

சாந்தியின் சாப்பாட்டு மேசையிலேயே அமர்ந்து அந்த உடன்பாட்டைப் பற்றிய வரியை மாற்றினேன். உடன்பாட்டை நான் வரைந்தேன். அதில் நான் செய்த ஒரு பிழையை, இப்போது உயிருடன் இல்லாத என் சக வழக்கறிஞர் கண்டுபிடித்துத் திருத்தினார்.

“யாராவது தன் தப்பை ரெஸ்யூமேல எழுதுவாங்களாண்ணே?” என்றார் சாந்தி. பிறகு அவரே, “இருக்கட்டும்” என்றார்.

ஐந்து மணிக்கு இருபது நிமிடங்கள் இருக்கையில் அனுப்பினேன். அந்த இரண்டாவது வாக்கியத்தால் இந்த வேலை கைநழுவலாம் என்பதை நன்கறிவேன். நேர்காணலுக்கு அழைத்தால் அதைப் பற்றித்தான் முதலில் கேட்பார்கள். உங்களைப் பற்றி அவர்களிடம் சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது.

ஒப்பம்: இளமாறன்

சாட்சிகள்:
சாந்தி, உங்கள் மனைவி
புவனா, என் மனைவி; அனுப்பிய பிறகே படித்தவர்