எட்டுக் கேள்விக்குறிகள்

என் மதினி செண்பகத்துக்கு,

உங்களுக்கு நான் கடிதம் எழுதியதே இல்லை. நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்து இருபத்தாறு வருடம் ஆகியும் அப்படி ஒரு தேவை வரவில்லை. அண்ணனோடு போனில் பேசும்போது பின்னால் உங்கள் குரல் கேட்கும்: "கோமதியா? நல்லாருக்காளான்னு கேளுங்க." நல்லாருக்கேன் என்று அண்ணனிடமே சொல்லிவிட்டு வைத்துவிடுவேன். இறந்தவர்கள் கடிதம் படிப்பார்கள் என்ற நம்பிக்கையும் எனக்குக் கிடையாது. ஆனாலும் இந்த மாதம் நடந்ததைச் சொல்ல உங்களைத் தவிர ஆள் இல்லை.

நீங்கள் போய் ஒன்பது மாதம் ஆகிறது. கல்லூரியில் சம்பளமில்லா விடுப்பு போட்டுவிட்டு மேலகரம் வீட்டில் அண்ணனோடு இருக்கிறேன். முதலில் ஒரு மாதம் என்றுதான் வந்தேன். இப்போது துறைத்தலைவர் போன் பண்ணுவதையே நிறுத்திவிட்டார். என் பாடவேளைகளை யாருக்கோ பிரித்துக் கொடுத்திருப்பார்கள். நான் கேட்கவில்லை.

சீசன் தொடங்கிவிட்டது. குற்றாலத்துக்குப் போகிற வேன்கள் விடிந்ததிலிருந்து வாசலைத் தாண்டிப் பாட்டுச் சத்தத்தோடு போய்க்கொண்டிருக்கின்றன. திரும்பி வரும்போது ஜன்னலில் ஈரத்துண்டு காய்கிறது. அண்ணன் கட்டிலில் சாய்ந்தபடி அதையே பார்க்கிறான். நான் அவனைப் பார்க்கிறேன். இரண்டு பேரும் சேர்ந்து வாசல்படி இறங்கி எத்தனை நாள் ஆயிற்று?

அவனுக்கு இன்னும் அந்த ஒரு சொல்தான். மூன்று வருடத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்ததில் மற்ற எல்லாச் சொற்களும் போய், "சரி" மட்டும் மிஞ்சியது. பசித்தாலும் சரி. வலித்தாலும் சரி. கோபம் வந்தால் "சரி! சரி! சரி!" செங்கோட்டை பஸ்ஸில் கண்டக்டராக நின்று, இலஞ்சி விலக்கு வருவதற்கு முன்பே ஊருக்கே கேட்கிற மாதிரிக் கூவியவன். நீங்கள் மட்டும் அந்தப் படஅட்டையைச் செய்து கொடுக்காமல் போயிருந்தால் அவன் வாழ்க்கை அந்த ஒற்றைச் சொல்லோடு முடிந்திருக்கும்.

அந்த அட்டையைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

இருபது கட்டம், இருபது படம். தண்ணீர், சாப்பாடு, ஃபேன், டிவி, கால்வலி, மூத்திரம், சவரம். அவன் இடது கையால் தொட்டுக் காட்டுவான், நாம் செய்வோம். ஆஸ்பத்திரியில் கொடுத்த அட்டையை அவன் தூக்கி எறிந்ததும், ஃப்ளெக்ஸ் கடையில் வேலை பார்த்தபோது கற்ற வரைகலை மென்பொருளில் நீங்களே மவுஸைப் பிடித்து ஒவ்வொன்றாக வரைந்தீர்களாம். நான் வந்து சேர்ந்தபோது பத்தொன்பது கட்டம்தான் இருந்தது. கீழ் வரிசையில் இடது மூலைக் கட்டம் அவன் விரல் பட்டுப் பட்டு, லேமினேஷன் பிரிந்து, சாரல் ஈரம் இறங்கி, வெறும் நீலக் கறையாகிவிட்டிருந்தது.

அவன் அதிகமாகத் தொடுவது அந்தக் கட்டத்தைத்தான்.

மதினி, அது என்ன படம்? ஒன்பது மாதமாக நான் கேட்ட ஒரே கேள்வி இதுதான். தலையணை கொடுத்தேன். சொம்பு கொடுத்தேன். ரேடியோ, சாமி படம், பழைய டிக்கெட் பை, கண்டக்டர் விசில் எல்லாம் எடுத்து நீட்டினேன். விசிலைச் சுவரில் எறிந்தான். "சரி! சரி!" என்று மூலையைக் குத்துவான். கடைசியில் முகத்தைத் திருப்பிக்கொள்வான். அந்தத் திருப்பலை என்னால் தாங்க முடியவில்லை. முப்பது வருடம் பௌதிகம் படித்து, பாடம் நடத்தி, ஒரு மனிதன் விரலால் தொட்டுக் கேட்பது என்னவென்று தெரியாமல் நிற்கிறேன்.

ஓசூரில் இருக்கும் உங்கள் மகன் முத்துவிடம் போனில் கேட்டேன்.

"அது ஃபேன் படம்னு நெனைக்கேன் அத்தை."

"ஃபேன் மேல் வரிசையில இருக்குலே."

"அப்ப டிவியா இருக்கும்."

"அதுவும் இருக்கு. ஒங்கப்பா கைய வச்சு வச்சு அழிஞ்சிருக்கு, ஒனக்கு ஞாபகம் இல்லையா?"

"நான் எங்கத்தை அத பாத்தேன். அம்மாட்டதான் கேக்கணும்" என்றான்.

ஆகவே நீங்கள் வரைந்த மூலக் கோப்பைத் திறந்து பார்ப்பது ஒன்றே வழி. உங்கள் பழைய கம்ப்யூட்டர் நான் வருவதற்கு முன்பே உயிரை விட்டிருந்தது. பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிற ஜெபராஜ் அண்ணாச்சி வந்து, அதிலிருந்த ஹார்ட் டிஸ்க்கை மட்டும் கழற்றி எடுத்தார். புதுக் கம்ப்யூட்டர் ஒன்று வாங்கினேன். அதில் டிஸ்க்கைப் பொருத்தியதும் உங்கள் கோப்புகள் எல்லாம் ஒழுங்காகத் தெரிந்தன. ஆங்கில எழுத்தில் "அவுக படம்" என்று ஒரு கோப்பு. அதுதான்.

அன்றைக்கு நான் ஒரு காரியம் செய்தேன். அண்ணாச்சி புதுக் கம்ப்யூட்டரைத் தயார் பண்ணும்போது, "யூசர் பேரு என்ன போடணும்க்கா?" என்று கேட்டார்.

"தமிழ்ல போடலாமா?"

"இப்ப வாரதுல எல்லாம் போடலாம். ஜப்பான்காரன் ஜப்பான்ல போடுதான், நமக்கென்ன?"

நானே தட்டினேன்: செண்பகம். உங்கள் படத்துக்குப் பூப்போடக்கூட எனக்குக் கை வராது. இது யாரும் பார்க்காத ஒரு சின்ன மரியாதை என்று நினைத்தேன்.

நீங்கள் மார்க்கர் பேனாவால் எழுதி வைத்திருந்த சிடியிலிருந்து அந்தப் பழைய மென்பொருளை ஏற்றினோம். தடையில்லாமல் ஏறியது. திறந்தால், முகப்புப் படம் கண்ணிமைக்கிற நேரம் தோன்றி மறைந்துவிடுகிறது. கூடவே ஒரு சின்னப் பெட்டி. அண்ணாச்சி அதைப் படிக்காமலே ஓகே கொடுத்துவிடுவார். மறுபடி திறப்பார். மறுபடி அதே.

"யக்கா, இதுக்கு வயசாயிட்டு. புதுசு வாங்கிப் போட்ருவமா?"

புதிதையும் போட்டுப் பார்த்தோம். இவ்வளவு பழைய கோப்பை அது படிக்காது என்று சொல்லிவிட்டது. பழைய கம்ப்யூட்டர் எங்காவது கிடைக்குமா என்றேன். "கடைல கெடந்ததெல்லாம் போன மாசம்தான் காயலான்கிட்ட தூக்கிக் குடுத்தேன். தென்காசி பூரா கேட்டுட்டேன்க்கா, எல்லாவனும் புதுசுதான் வச்சிருக்கான்" என்றார். சொல்லும்போது அவருக்கே வருத்தம்தான்.

பிறகு நானே உட்கார்ந்தேன். ஆய்வகத்தில் பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மாற்றியதை எழுதி வை. ஒரு நோட்டுப் போட்டேன். பழைய விண்டோஸ்போல நடிக்கச் சொல்லும் ஏற்பாட்டை மாற்றினேன். நிர்வாகியாகத் திறந்தேன். பிரிண்டரைக் கழற்றினேன். திரையின் அளவைக் குறைத்தேன். முழுவதும் நீக்கிவிட்டு மறுபடி ஏற்றினேன், இரண்டு முறை. இரண்டு வாரம் போயிற்று. ஒவ்வொரு வரிக்கும் எதிரே "இல்லை" என்று எழுதினேன். அந்த அறையில் நான் "இல்லை" எழுதிக்கொண்டிருக்க, அடுத்த அறையில் அவன் அட்டையைக் குத்துகிற சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும். எழுந்து போவேன். எதையாவது நீட்டுவேன். முகத்தைத் திருப்புவான். வந்து உட்காருவேன். வெளியே வேன்கள். யார் யாரை அடைத்து வைத்திருக்கிறோம் என்றே எனக்கு விளங்கவில்லை, மதினி. ஒருநாள் கோபத்தில் அட்டையைப் பிடுங்கி பீரோ மேல் வைத்துவிட்டேன். அரை மணி நேரம்தான். அதையும் உங்களிடம் சொல்லிவிட வேண்டும்.

போன வியாழக்கிழமை மத்தியானம் அந்தச் சின்னப் பெட்டியைப் போனில் படம் பிடித்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். இன்ன இடத்தில் எழுத முடியவில்லை என்று ஒரு ஃபோல்டர் பாதையைக் காட்டியது. அந்தப் பாதையின் நடுவில் வரிசையாகக் கேள்விக்குறிகள். எண்ணினேன். எட்டு.

எட்டு எங்கிருந்து வந்தது? அந்த இடத்தில் வரவேண்டியது யூசர் பெயர். செண்பகம், ஐந்தெழுத்து. ஐந்துக்கு எட்டு சரிவரவில்லை என்று தள்ளப் பார்த்தேன். பிறகு நோட்டில் பெயரை எழுதி, கம்ப்யூட்டர் எண்ணுகிற மாதிரி எண்ணினேன். அதற்கு எழுத்து வேறு, கொம்பு வேறு, புள்ளி வேறு. ஐந்து எழுத்து, ஒரு கொம்பு, இரண்டு புள்ளி.

எட்டு. உங்கள் பெயர்தான்.

அண்ணாச்சிக்குப் போன் பண்ணினேன். கேட்டுவிட்டு, "அட கர்த்தாவே" என்றார். "இது தமிழ் தெரியாத காலத்து சாப்ட்வேர்லா. அது வேலை செய்யணும்னா யூசர் பேர்ல இருக்க ஃபோல்டருக்குள்ள போகணும். பேரையே வாசிக்கத் தெரியலன்னா எப்படிப் போவும்? இத்தன நாளா வாசல்லயே நின்னுட்டு இருந்திருக்கு, பாவம்."

"பேரை மாத்திட்டா போதுமா?"

"வெளிய மாறும்க்கா. உள்ள ஃபோல்டர் பேரு மாறாது. வேற யூசர்தான் போடணும், இங்கிலீஷ்ல. பழசை அழிச்சிருதியளா?"

"இருக்கட்டும்" என்றேன்.

உங்கள் கோப்புகளில் ஒன்றுக்குக்கூடத் தமிழ் எழுத்தில் பெயர் இல்லாததை நான் முதலிலேயே கவனித்திருந்தேன். படித்த புத்தி, உங்களுக்குத் தமிழில் அக்கறை அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டது. உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. அந்த மென்பொருளை எந்தப் பெயரில் கூப்பிட்டால் வரும் என்று தெரிந்துதான் வைத்திருக்கிறீர்கள். கேட்டிருந்தால் ஒரு வரியில் சொல்லியிருப்பீர்கள். நான் உங்களிடம் என்ன கேட்டிருக்கிறேன், இத்தனை வருடத்தில்?

ஆங்கில எழுத்தில் என் பெயரைப் போட்டு உள்ளே போனேன். முதல் தட்டிலேயே திறந்துவிட்டது. "அவுக படம்" விரிந்தது. இருபது கட்டம், நிறம் மங்காமல். நேராகக் கீழே, இடது மூலைக்குப் போனேன்.

ஒரு கட்டில். அதில் படுத்திருக்கும் ஆள், அண்ணனின் மீசையோடு. பக்கத்தில் நாற்காலி. நாற்காலியில் நீல நிறத்தில் சேலை கட்டிய பொம்பளை. அவள் கையில் ஒன்றும் இல்லை. சொம்பு இல்லை, தட்டு இல்லை, மாத்திரை இல்லை. இரண்டு கையும் மடியில் கிடக்கின்றன.

இதில் எதை எடுத்துக் கொடுக்கச் சொல்கிறான் என்று அப்போதும் தேடினேன், மதினி. கட்டிலுக்கு அடியில் ஏதாவது வரைந்திருக்கிறீர்களா என்று பெரிதாக்கிப் பார்த்தேன். படத்துக்குக் கீழே எழுதியிருந்தது எழுத்துரு இல்லாமல் ஆங்கிலக் குப்பையாகத் தெரிந்தது. உங்கள் டிஸ்க்கிலிருந்து பழைய எழுத்துருவைத் தேடி எடுத்துப் போட்டதும் குப்பை தமிழாயிற்று.

"சும்மா இரி."

நம் ஊர்ப் பேச்சில் சும்மா இரு என்றால் வாயை மூடு என்றுதான் முதலில் காதில் விழும். எனக்கும் அப்படித்தான் விழுந்தது. பிறகுதான் அந்தக் கடைசி எழுத்தைப் பார்த்தேன். நீங்கள் கேரள எல்லையோரத்துப் புளியரைக்காரி. மலையாளக் காற்று பட்ட வாய். வந்தவர்களை எல்லாம் "இரி, இரி" என்றுதான் உட்காரச் சொல்வீர்கள். "இரி இல்ல மதினி, இரு" என்று நான் எத்தனை முறை திருத்தியிருக்கிறேன். சிரித்துக்கொண்டு, "சரி டீச்சர், இரு" என்பீர்கள். நான் உட்கார மாட்டேன். எனக்கு எப்போதும் பஸ் இருக்கும்.

ஆக, அவன் ஒரு பொருளையும் கேட்கவில்லை. ஒன்பது மாதமாக ஒரே ஒரு காரியத்தைக் கேட்டிருக்கிறான். அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் நான் ஓடி ஓடிச் செய்திருக்கிறேன்.

அச்செடுக்கும் வரை காத்திருக்கவில்லை. சமையலறை நாற்காலியை இழுத்துக்கொண்டு போய் அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன். என் கையைப் பார்த்தான், என்ன கொண்டு வந்திருக்கிறாள் என்று. ஒன்றும் இல்லை. சுற்றிலும் பார்த்தான். அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். கோபத்தில் திருப்புகிற திருப்பல் இல்லை அது. வேன் ஒன்று போயிற்று. இன்னொன்று போயிற்று.

எனக்கு அது சுலபமாக இல்லை. அடுப்பில் பால் இருப்பதாகத் தோன்றியது. கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. எழுந்துவிடலாம் என்று நாலைந்து முறை நினைத்தேன். நானும் இந்த அறையில் ஒரு சாமான் ஆகிவிட்டேனோ என்றுகூடப் பயந்தேன். அந்தப் பயம் இன்னும் போகவில்லை. கல்லூரிக்கு என்ன பதில் எழுதுவது என்றும் தெரியவில்லை. மனம் மாறிவிட்டது, நிம்மதி வந்துவிட்டது என்றெல்லாம் உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன்.

மழை இறங்கியபோது அவன் இடது கையால் என் நாற்காலியின் கையைத் தொட்டு, மெதுவாக, "சரி" என்றான். அதற்கு என்ன அர்த்தம் என்று நான் கேட்கவில்லை.

நேற்று அட்டையை அச்செடுத்தாயிற்று. அச்சுக் கடைக்காரர் பார்த்துவிட்டு, "யக்கா, இங்கன ஒரு எழுத்து தப்பா இருக்கு, 'இரு'ன்னு மாத்திரவா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அது தப்பு இல்லை என்றேன்.

இனி தினமும் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் அந்த நாற்காலியில் வெறுங்கையோடு உட்காருவேன், மதினி. எனக்குப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும்.

உங்கள் பேச்சைத் திருத்திய,
உங்கள் நாத்தனார்
கோமதி