புல்தரையில் இடம் பிடித்த கதை

அன்பு மகள் இளமதிக்கு சிங்கப்பூர் ஈசூனிலிருந்து உன் சித்தப்பா முத்துராமன் எழுதுவது. நீயும் மாப்பிள்ளை ஸ்ரீநாத்தும் குழந்தையும் அங்கே ஆஸ்திரேலியாவில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் நலம், உன் சித்தி முக்கால் நலம், உன் தம்பி அருண்ராஜ் எப்படி இருக்கிறான் என்பதை நீதான் அவனிடம் கேட்டு எங்களுக்குச் சொல்லவேண்டும், ஏனென்றால் அவன் வீட்டுப் பக்கம் வந்து மூன்று வாரமாகிறது. பயப்படாதே, ஜூரோங்கில் அவன் கூட்டாளி சின்னராசுவின் வாடகை அறையில் தங்கிக்கொண்டு கப்பல் பட்டறைக்கு வேலைக்குப் போய் வருகிறான். போனிலேயே சொல்லியிருப்பேன், ஆனால் உன் சித்தி பக்கத்தில் உட்கார்ந்து நான் சொல்வதையெல்லாம் திருத்துவாள், எனக்குக் கதையின் வேகம் கெட்டுவிடும், அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

அடுத்த மாதம் கன்ட்ரி மியூசிக் விழாவுக்கு மூன்று நாள் குடும்பத்தோடு போகப்போவதாகவும் என்னென்ன கொண்டுபோகவேண்டும் என்றும் கேட்டிருந்தாய். சரியான ஆளிடம்தான் கேட்டாய். இந்தத் தீவில் அந்த இசையைப் பற்றி என்னைவிடத் தெரிந்தவன் இரண்டு பேர் இருந்தால் அதிகம், அதில் ஒருவன் செத்துவிட்டான். அது மாட்டுக்காரர்கள் பாட்டு, குதிரை ஓடிவிடும், மனைவி ஓடிவிடுவாள், லாரி மட்டும் கூடவே இருக்கும், அவ்வளவுதான் விஷயம். ஆனால் கேட்டால் நெஞ்சைப் பிடித்துக்கொள்ளும். முதலில் காலணி. புது பூட்ஸைப் போட்டுக்கொண்டு நேராக அங்கே போகாதே, பத்து நாள் வீட்டுக்குள் போட்டு நட, இல்லையென்றால் முதல் பாட்டு முடிவதற்குள் குதிகால் கிழிந்துவிடும். தொப்பிக்குத் தாடையில் கட்டும் கயிறு வேண்டும், அங்கே காற்று என்னையே தூக்கிவிடும் என்கிறார்கள். குழந்தைக்குக் காதை மூடும் கருவி வாங்கிவிடு, அவள் கையில் உன் போன் நம்பரைப் பேனாவால் எழுதிவிடு. தண்ணீர் நிறையக் கொண்டுபோ, மாப்பிள்ளையைப் பியர் கடைக்கு எதிரே உட்காரவிடாதே. சண்டை வந்தால் வாசலுக்கு ஓடாதே, எல்லோரும் அங்கேதான் ஓடுவார்கள், மேடையின் பக்கவாட்டுக்குப் போ. இதெல்லாம் நான் புத்தகத்தில் படித்ததில்லை, ரத்தம் பார்த்துக் கற்றது.

போன மாதம் இங்கேயும் கடற்கரைப் பக்கம் ஒரு திடலில் கன்ட்ரி மியூசிக் விழா நடந்தது. உன் சித்தி சமூக மன்றத்தில் பெண்களோடு வரிசையாக நின்று லைன் டான்ஸ் ஆடுகிறாளே, அந்தக் குழுவை மேடையில் ஏற்றுகிறோம் என்று கூப்பிட்டிருந்தார்கள். எட்டுப் பெண்களும் மாட்டுக்காரத் தொப்பி, பூட்ஸ், பூவம்மா அக்காவுக்கு இடுப்பில் பொம்மைத் துப்பாக்கி வேறு. நான் அவர்களுடைய மேனேஜர் மாதிரி முன்னால் போனேன். அருண்ராஜ் சித்தியின் முழங்காலுக்காக வீட்டிலிருந்த இரும்புக்கால் மடக்கு நாற்காலியைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னால் வந்தான். திடல் காலியாக இருந்தது. மேடைக்கு நேர் எதிரே நல்ல புல். சாப்பாட்டுக்கடையில் மேசைக்கு என்ன செய்வோமோ அதையே செய்தேன், எட்டு டிஷ்யு பாக்கெட்டை வரிசையாக வைத்து, பறக்காமல் ஒவ்வொன்றுக்கும் ஒரு கல் வைத்து, இது எங்கள் இடம் என்று சோப் பண்ணிவிட்டு, மீ கோரெங் சாப்பிடப் போய்விட்டேன். ஐம்பது வருஷமாக இந்த ஊரில் எவனும் என் டிஷ்யு பாக்கெட்டைத் தொட்டதில்லை கண்ணு.

திரும்பி வந்தால் வெளிநாட்டு ஆட்கள் ஏழு பேர் அங்கே பாய் விரித்து, ஐஸ்பெட்டியை நடுவில் வைத்து உட்கார்ந்திருக்கிறார்கள். சித்தி நாலு பேர் என்பாள், அவள் உட்கார்ந்திருந்தவர்களை மட்டும் எண்ணினாள். ஒவ்வொருவனும் குளிர்சாதனப் பெட்டி உயரம். அதில் ஒருவன் என் பாக்கெட்டைப் பிரித்து என் டிஷ்யுவால் வாயைத் துடைத்துக்கொண்டிருக்கிறான். ஹலோ பிரதர், திஸ் பிளேஸ் டேக்கன் லா என்று மரியாதையாகத்தான் ஆரம்பித்தேன். அவன் சிரித்துக்கொண்டே அந்தக் காகிதத்தை என்னிடமே நீட்டினான். அவனுக்கு நம் வழக்கம் என்ன தெரியும், யாரோ விட்டுப்போனது என்று நினைத்திருப்பான், ஆனால் அந்த நேரத்தில் எனக்கு அது தோன்றவில்லை. குனிந்து பாயின் நுனியைப் பிடித்து ஒரே இழுப்பு. ஐஸ்பெட்டி கவிழ்ந்தது, இருவர் மல்லாந்தார்கள். ஒருவன் எழுந்து என் நெஞ்சில் கைவைத்துத் தள்ளினான். நான் மூக்கில் ஒன்று கொடுத்தேன், ரத்தம் அவன் வெள்ளைச் சட்டையெல்லாம் குழாய் திறந்தது போல ஊற்றியது. இன்னொருவன் என் கழுத்தைப் பிடித்து மண்ணில் முகத்தை அழுத்தினான், வாயெல்லாம் புல்லும் மணலும், ஒரு பல் ஆடிவிட்டது, இன்னும் ஆடுகிறது. அதற்குள் பூவம்மா அக்கா வந்து, யோவ் எங்க தம்பிய விடுய்யா தடிமாடு என்று அவன் முட்டியில் பூட்ஸால் உதைத்தாள், மேடையில் தட்டுகிற தாளத்துக்குச் சரியாக உதைத்தாள், அவன் நொண்டிக்கொண்டே போய் விழுந்தான். நான் எழுந்து, கொண்டுபோயிருந்த குடையை மடக்கிப் பிடித்து இரண்டு பேரை விலாவில் குத்தினேன், கம்பி வளைந்துவிட்டது. பியர் டின்கள் தலைக்கு மேல் பறக்கின்றன, பெண்கள் தொப்பியைக் கழற்றி அடிக்கிறார்கள், முன்பின் தெரியாதவனெல்லாம் உள்ளே புகுந்து யாரையோ அடித்துவிட்டுப் போகிறான்.

அப்போதுதான் மூக்கு உடைந்தவன் ஒரு கண்ணாடி பாட்டிலைத் தூக்கிக்கொண்டு எனக்குப் பின்னால் வந்திருக்கிறான். நான் பார்க்கவில்லை, அருண்ராஜ் பார்த்தான். சித்தப்பா குனிங்க என்று கத்திக்கொண்டே அந்த மடக்கு நாற்காலியை இரண்டு கையாலும் தூக்கிச் சுழற்றினான். அதே நொடியில் உன் சித்தி, பாட்டில் பிடித்த கையை மடக்கலாம் என்று நடுவில் பாய்ந்துவிட்டாள். நாற்காலியின் இரும்புக்கால் அவள் காறை எலும்பில் விழுந்தது. கரும்பை முறிக்கிற சத்தம். அந்த ஸ்பீக்கர் இரைச்சலையும் மீறி எனக்குக் கேட்டது. இதில் ஒரு சொட்டுக்கூட நான் சேர்த்துச் சொல்லவில்லை. அவள் அப்படியே ஐஸ் கொட்டிக்கிடந்த புல்லில் உட்கார்ந்துவிட்டாள். எல்லோரும் நின்றுவிட்டார்கள். பாட்டில் பிடித்தவன் அதைக் கீழே போட்டுவிட்டு, ரத்தம் தோய்ந்த தன் சட்டையைக் கழற்றி அவள் கையைக் கழுத்தோடு சேர்த்துக் கட்டினான், சாரி மேடம் சாரி மேடம் என்று அழுதான். மேடையில் பாட்டு நிற்கவே இல்லை. நான் திரும்பிப் பார்த்தபோது அருண்ராஜ் நாற்காலியை ஒழுங்காக மடக்கி மெதுவாகக் கீழே வைத்துக்கொண்டிருந்தான். அப்புறம் கூட்டத்துக்குள் நடந்து போய்விட்டான். அதுதான், அன்றைக்குப் போனவன்தான்.

போலீஸ் வந்தது, இரண்டு பக்கமும் வழக்கு வேண்டாம் என்று சொன்னதால் கண்டித்து அனுப்பிவிட்டார்கள். எலும்பு கூடிக்கொண்டு வருகிறது, தைப்பூசத்துக்குள் கையைத் தூக்கலாம் என்கிறார் டாக்டர். சித்திக்கு அவன் மேல் கோபம் துளியும் இல்லை. என் மேல்தான், ஒரு டிஷ்யுவுக்காகவா என்று தினம் மூன்று வேளையும் கேட்கிறாள். இரண்டு முறை ஜூரோங்குக்குப் போனேன். கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கியவன் என்னைப் பார்த்ததும் திரும்ப அதே பஸ்ஸில் ஏறிவிட்டான். சின்னராசுதான் சொன்னான், அண்ணே, அவன் சரியா சாப்பிடுறதில்ல, எங்கள வளர்த்த கைய நானே ஒடிச்சிட்டேனே, எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு வீட்டுக்குப் போறதுன்னு கேக்குறான், கொரியாவுல ரெண்டு வருஷ வேலைக்கு ஆள் எடுக்குறாங்க, பேரு கொடுத்துட்டான், இந்த மாசக் கடைசியில பிளைட்டு என்று. அண்ணனும் அண்ணியும் போனபிறகு உங்கள் இரண்டு பேரையும் நான் ஒரு நாள்கூடப் பிரித்து வைத்ததில்லை. நீ கல்யாணமாகிப் போனாய், அது சந்தோஷமாகப் போனது. இவன் இப்படிப் போனால் திரும்ப வரமாட்டான் இளமதி, எனக்குத் தெரியும்.

எங்கள் போனை எடுக்காதவன் அக்கா கூப்பிட்டால் எடுப்பான். எடுத்தால் நீ சொல்லவேண்டியது இதுதான், மாற்றாமல் சொல். அந்த நேரத்தில் சித்தப்பா கையிலும் ஒரு நாற்காலி இருந்தது. அருண்ராஜ் வீசியது பாட்டில்காரன் தோளில் பட்டு நின்றுவிட்டது. சித்தி மேல் விழுந்தது சித்தப்பா வீசியது. வெட்கத்தில் இத்தனை நாள் வாயைத் திறக்கவில்லை, இப்போதுதான் எனக்கு எழுதி ஒத்துக்கொண்டார் என்று சொல். என் கையில் இருந்தது வளைந்த குடை மட்டும்தான் என்பது உனக்கும் எனக்கும் சித்திக்கும் தெரிந்தால் போதும். சித்தியிடம் பேசிவிட்டேன், பூவம்மா அக்காவிடமும் சொல்லிவைத்துவிட்டேன், நம் அடுக்குமாடி புளோக்குக் கீழே காப்பிக்கடையில் ஒவ்வொரு மேசையாகப் போய், என் பெண்டாட்டி எலும்பை நானே உடைத்தேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். உனக்கு இந்த வயசுல இது தேவையா என்று எல்லோரும் திட்டினார்கள், ஒருவன்கூடச் சந்தேகப்படவில்லை. அவனும் நம்புவான். ஏழு பேரை அடித்தேன் என்றால் நம்பமாட்டான், நான் தப்பு செய்தேன் என்று சொல்லி அவன் இதுவரை கேட்டதே இல்லை, அதனால் நம்புவான். நம்பினால் சித்தியைப் பார்க்க வருவான், வந்தால் என்னை நாலு வார்த்தை திட்டட்டும், அடிக்கட்டும், பிறகு உட்கார்ந்து சாப்பிடட்டும்.

குழந்தைக்கு என் முத்தம். நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல், ஒருவரை ஒருவர் விடாமல், நூறு வருஷம் நன்றாக இருக்கவேண்டும் என்று பெருமாளை வேண்டிக்கொள்கிறேன். விழாவுக்குத் துணி நாற்காலி கொண்டுபோ, அல்லது பாய். பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டுவிட்டு விரி. அதற்கு முன்னால், இந்தக் கடிதத்தை மடித்து வைத்த கையோடு தம்பிக்குப் போன் போடு.

உன் அன்புச் சித்தப்பா,
சித்தியின் எலும்பை உடைத்தவன்,
முத்துராமன்