எச்சரிக்கையை நிறுத்தியவர் பெயர்

நேற்று உங்கள் பதினாறாம் நாள் காரியத்துக்கு ஆரணி வந்திருந்தேன். கிளம்பும்போது உங்கள் மனைவி ஒரு மஞ்சள் பையைக் கையில் கொடுத்தார். உள்ளே நம் ஆபீஸில் இருந்த பழைய பட்டன் போன், கம்ப்யூட்டரோடு இணைக்கும் வயர் சுற்றியபடி. "உன்கிட்டதான் குடுக்கணும்னு சொல்லிகினே இருந்தாரும்மா" என்றார். பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

வந்தவர்கள் எல்லோரும் உங்களைத் தங்கமான மனுஷர் என்றார்கள். நான் இலையைப் பார்த்தபடி சாப்பிட்டேன். செத்தவரைப் பழிக்கக் கூடாதாம். உயிரோடிருந்தவளை நீங்கள் பழிக்கலாமா?

ஆரணிப் பட்டு வியாபாரிகளின் டிசைன்களை வெளியூர்க் கடைக்காரர்கள் பார்த்து ஆர்டர் கொடுக்க நீங்கள் ஒரு வெப்சைட் நடத்தினீர்கள். அதன் சர்வரைக் கவனிப்பது என் வேலை. கண்ணமங்கலத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவேன். சர்வர் திணறினால் ஆபீஸ் கம்ப்யூட்டர் இந்தப் போன் வழியாக நம் இருவருக்கும் மெசேஜ் அனுப்ப வேண்டும் என்ற யோசனை உங்களுடையது. அதை மறுக்க மாட்டேன். எவ்வளவு சுமை ஏறினால் மெசேஜ் போக வேண்டும் என்ற எல்லையை முதல் வாரம் நான் தாழ்வாக வைத்துவிட்டேன். நாலு பேர் சேர்ந்து சைட்டில் டிசைன் பார்த்தாலே போன் கத்தியது. "இன்னாம்மா இது, பேஜாரா கீது" என்று சலித்துக்கொண்டீர்கள். தப்பு என்னுடையதுதான். பத்து நாள் சர்வரின் வழக்கமான சுமையைக் குறித்துப் பார்த்து எல்லையை மாற்றினேன். அதன் பிறகு அது காரணமில்லாமல் கத்தியதே இல்லை.

தீபாவளி ஆர்டர் சமயம். ஒரு நாள் ராத்திரி வியாபாரிகளை ஆபீஸுக்கு அழைத்து சைட்டைக் காட்ட ஏற்பாடு செய்தீர்கள். அவர்கள் முன்னால் போன் கத்தினால் உங்களுக்கு அவமானம். அன்று சாயங்காலம் நான் பஸ் ஏறியதும், புரோகிராமில் எச்சரிக்கை அனுப்பும் வரியின் தலையில் ஒரு # குறி போட்டீர்கள். அது இருந்தால் கம்ப்யூட்டர் அந்த வரியைக் கண்டுகொள்ளாது. அதை உங்களுக்குக் காட்டிக் கொடுத்தவளே நான்தான். கூட்டம் முடிந்ததும் குறியை எடுக்க மறந்துபோனீர்கள்.

மறுநாள் காலையில் சர்வர் திணறத் தொடங்கியது. போன் ஊமையாகக் கிடந்தது. நான் வந்து சேர்வதற்குள் சர்வர் படுத்தேவிட்டது. அந்த வரி இருந்த ஃபைலைத் திறந்தேன். முந்தைய மாலை திருத்தியதாக நேரம் காட்டியது. நீங்கள் என் தோளுக்குப் பின்னால் நின்று அதைப் பார்த்தீர்கள். என்னை நகரச் சொல்லி, உங்கள் கையாலேயே குறியை அழித்து சேமித்தீர்கள். பழைய நேரமும் அதோடு போனது. ஆர்டர் நின்றுபோன கோபத்தில் வியாபாரிகள் மாடியேறி வந்தபோது சொன்னீர்கள்: "இந்தப் பொண்ணுதான் அலாரத்த ஆஃப் பண்ணிட்டுப் போயிடுச்சி."

மறந்ததை நான் மன்னித்திருப்பேன். மறதி யாருக்கு இல்லை? அந்த ஒரு வாக்கியத்துக்கு மன்னிப்பு கிடையாது.

ஆரணியில் அதன்பின் யாரும் என்னை வேலைக்கு எடுக்கவில்லை. அதுகூடப் பரவாயில்லை. பொண்ணை எதற்கு வெளியே அனுப்புகிறாய் என்ற சொந்தக்காரர்களிடம் சண்டை போட்டு என்னை அனுப்பியவர் என் அப்பா. உங்களிடம் நியாயம் கேட்கக் கிளம்பி வந்தார். உங்கள் ஆபீஸில் காபி குடித்துவிட்டுத் திரும்பினார். அவர் முகத்திலேயே பதில் தெரிந்தது. "அவரு எதுக்கும்மா பொய் சொல்லப் போறாரு?" என்று கேட்டார். சாகும்வரை அப்படித்தான் நம்பினார்.

அப்பா போய் ஆறு வருஷம் ஆகிறது. இந்தப் போனை அதற்கு முன்னால் கொடுத்திருக்கலாம். போன்கூட வேண்டாம். கண்ணமங்கலம் எவ்வளவு தூரம்? பஸ் ஏறி வந்து அவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். மனசு உறுத்தியிருக்கிறது, வாய்தான் வரவில்லை. உறுத்தலைப் பையில் போட்டு மனைவியிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டீர்கள்.

இன்று சென்னையில் பல சர்வர்கள் என் பொறுப்பில் இருக்கின்றன. எச்சரிக்கையை யார் வேண்டுமானாலும் நிறுத்தலாம்; நிறுத்துகிறவர் பெயரையும் காரணத்தையும் எழுத வேண்டும். அந்தப் பதிவை யாராலும், என்னாலும், அழிக்க முடியாது. அரை மணி கழித்து எச்சரிக்கை தானாகத் திரும்பிவிடும். எதற்கு இவ்வளவு கெடுபிடி என்று கூட வேலை செய்கிறவர்கள் கேட்பார்கள். ஆரணியில் கற்றுக்கொண்டேன் என்பேன். உங்கள் பெயரைச் சொன்னதில்லை.

நேற்று ராத்திரி முழுக்க யோசித்தேன். இனி கேட்டால் சொல்லப்போகிறேன்.