பாதி எடுத்து வைத்த சுறாப்புட்டு

அன்புள்ள அண்ணி,

இந்த அகால வேளையில் எழுத உட்கார்ந்ததற்கு மன்னியுங்கள். பிள்ளைகள் இரண்டும் இப்போதுதான் கண் அயர்ந்தன. பக்கத்து வீட்டில் குழந்தை பெற்றவளுக்கு இன்று சுறாப்புட்டு கிளறினார்கள். அந்தப் பூண்டு வாசனை சன்னலைச் சாத்தியும் போகவில்லை.

உங்கள் ரோஸி என் பக்கத்தில்தான் படுத்திருக்கிறாள். வயிற்றுப்போக்கு என்று அண்ணன் கொண்டுவந்து விட்டார். இப்போது நின்றிருக்கிறது. காலையில் வந்து அழைத்துப் போகிறாராம். இவளை அனுப்புவதா, என்னோடேயே வைத்துக்கொள்வதா? கேட்க எனக்கு வாயில்லை. ஆனாலும் உங்களைத்தான் கேட்க வேண்டும்.

நான் பிரசவத்துக்கு ராயபுரத்தில் அம்மா வீட்டுக்கு வந்தபோது ரோஸி தவழ்ந்துகொண்டிருந்தாள். பால் கொடுக்கிறவர்கள் நாம் இருவருமே. ஆனால் அம்மாவின் கணக்கில் பச்சை உடம்புக்காரி நான் ஒருத்திதான். காத்திவாக்கத்திலிருந்து உங்கள் அப்பா அனுப்பும் பால்சுறாவை நீங்கள்தான் வேகவைத்துத் தோலுரித்து உதிர்ப்பீர்கள். அத்தனையும் என் தட்டுக்கு வரும்.

"நீங்களும் சாப்பிடுங்களேன் அண்ணி."

"எனுக்கு இன்னா கண்ணு? நீ துன்னு. நீ துன்னாத்தான் புள்ளைக்குப் பாலு."

"அப்போ உங்க பிள்ளைக்கு?"

"அவ மீன்கார வூட்டுப் பேத்தி. கடல் காத்தக் குட்ச்சே வளந்துடுவா!"

நீங்கள் சிரித்தீர்கள். நானும் சிரித்துவிட்டுச் சாப்பிட்டேன்.

காலேஜில் சுகாதாரம் படித்தவள் என்ற மிதப்பு எனக்கு. ஈ மொய்த்தது, மூடாமல் வைத்தது என்று உங்களுக்குப் பாடம் நடத்துவேன். "கண்ணுக்குத் தெரியாத பூச்சிக்கு இம்மாம் பயமா? கண்ணுக்குத் தெரியற பசிக்கு இன்னா சொல்ற நீ?" என்று ஒருநாள் மடக்கினீர்கள். அப்போதும் அது எனக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது.

பிறகொரு நாள் தண்ணீர் குடிக்க அடுப்படிக்கு வந்தேன். நீங்கள் கதவுப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு, ரேஷன் சோளத்தில் காய்ச்சிய கஞ்சியை உப்புப் போட்டுக் குடித்துக்கொண்டிருந்தீர்கள். தெளிந்த தண்ணீரில் அடியில் கொஞ்சம் நொய். தண்ணீர் மொள்ளாமலே திரும்பிவிட்டேன். அன்று மதியமே என் புட்டில் பாதியைக் கிண்ணத்தில் எடுத்து மூடிக் கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைத்தேன். அம்மா பார்த்தால் விடமாட்டாள். "பெத்தவ சோத்துல அடுத்தவ பங்கு போட்டா பால் வத்திப்பூடும்" என்பாள். அவள் சாயங்காலம் கோயிலுக்குப் போகும்வரை காத்திருந்தேன். ஓட்டு வீடு, சித்திரை வெயில். அந்தக் கிண்ணம் அத்தனை நேரமும் புழுங்கிக்கொண்டு கிடந்தது.

"ஐயோ, அத்த பாத்துட்டா பேஜாரு" என்று பயந்துகொண்டே வந்து உட்கார்ந்தீர்கள். ஒரே தட்டில் சாப்பிட்டோம். நாக்கில் லேசாக ஒரு புளிப்பு. உங்களுக்கும் தட்டுப்பட்டிருக்க வேண்டும்.

"இன்னா காலேஜி, உன் பூச்சி எதுனா கீதா இதுல?"

"இல்லை அண்ணி, சாப்பிடுங்க" என்றேன்.

விடிவதற்குள் இருவருக்கும் வாந்தியும் போக்கும். நான் பிழைத்து எழுந்தேன். நீங்கள் எழவில்லை. அண்ணனிடம் டாக்டர் சொன்னது என் காதில் விழுந்தது: "நோய் ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான். உங்க தங்கச்சி உடம்புல தாங்கச் சத்து இருந்தது. உங்க சம்சாரத்துக்கிட்ட மிச்சம் ஒண்ணுமே இல்லை."

என் உடம்பில் இருந்தது உங்கள் பங்கு, அண்ணி.

குழாய்த் தண்ணீர்தான் காரணம் என்று அம்மா இன்றும் சொல்கிறாள். நான் மறுத்ததே இல்லை. அண்ணனுக்கு அந்தக் கிண்ணத்தைப் பற்றித் தெரியாது.

ரோஸியை இந்தத் தடவை பார்த்ததும் பகீரென்றது. கை கால் குச்சி, வயிறு மட்டும் முன்னால். "வயித்தக் காயப் போட்டாத்தான் நிக்கும்" என்று அம்மா இவளைப் பட்டினி போட்டிருக்கிறாள். இங்கே லேடி டாக்டர் சத்தம் போட்டார்: "தண்ணியும் குடுக்கணும், சோறும் குடுக்கணும். பட்டினி போட்டா இன்னிக்கு இது நிக்கும், நாளைக்கு அம்மை வந்தா பிள்ளை நிக்காது." அன்றிலிருந்து சோற்றைக் குழைத்து, முள் எடுத்த மீனை மசித்துச் சுடச்சுட ஊட்டுகிறேன். இன்று மதியம் ஒரு வாய் வாங்கிக்கொண்டு, "அத்தே, நீ துன்னியா?" என்றாள். "ஆச்சு" என்றேன். "பொய்யி! உன் தட்டு காஞ்சிகினு கீது" என்கிறாள். வாய் அப்படியே உங்களுடையது.

இந்த வீட்டில் நான் யாரையும் கடைசியில் சாப்பிட விடுவதில்லை. எல்லோரும் ஒன்றாக உட்கார வேண்டும். மாமியாருக்குப் பிடிக்கவில்லை, முனகுகிறார். முனகட்டும்.

ரோஸி இங்கே இருக்கட்டும் என்று சொன்னால், ஏன் என்று அண்ணன் கேட்பார். அம்மாவைக் குறை சொல்லிவிட்டு என்னுடையதை மறைக்க என்னால் முடியாது. கேட்ட பிறகு என்னை நம்பி இவளை விடுவாரா? சொல்லாமல் இருந்தால் இவள் அந்த அடுப்படிக்கே திரும்பிப் போவாள்.

உங்களுக்கு அந்தத் தட்டை நீட்டிய கை இது. இதே கை உங்கள் மகளுக்கு ஊட்டலாமா? ஹார்பரில் முதல் சங்கு ஊதுவதற்கு முன்னால் அண்ணன் வந்துவிடுவார். அதற்குள் எனக்குப் பதில் சொல்லுங்கள், அண்ணி.