லாவண்யா வரும்போது நான் இருக்க மாட்டேன்

மாமா,

நைட் ஷிஃப்ட் முடிச்சு வந்து தூங்குறீங்க, எழுப்ப மனசில்லை. நான் மண்ணூர்பேட்டை கம்பெனிக்குப் போறேன். இன்னைக்கு லீவுதான். ஓவர்டைம் நானே கேட்டு வாங்கினேன்.

சர்வேஷுக்குச் சாதம் தராசுல நிறுத்து நீல டப்பாவுல வச்சிருக்கேன். அழுதாலும் அதுக்கு மேல குடுக்காதீங்க. பருப்பு, பால் கண்ணுலயே காட்டக் கூடாது. மருந்துப் பவுடரை மட்டும் கலக்கிக் குடுங்க.

லாவண்யா வருவா. அவளுக்குப் புளிக்குழம்பு வச்சிருக்கேன், மசக்கையில அதுதான் இறங்குதாம்.

அக்கா தங்கச்சி நானும் லாவண்யாவும் அத்தை பிள்ளைங்கன்னு அண்ணன் தம்பி உங்க ரெண்டு பேரையும் கட்டிக்கிட்டோம். என் பிள்ளைக்குப் புரதம் சேராத பரம்பரைக் கோளாறு. அவ வயித்துல இருக்கிறதுக்கு ஒண்ணும் இல்லைன்னு டெஸ்ட்டுல வந்திருக்கு. சந்தோஷம்தான். ஆனா வயிறு எரியுது, அவ முன்னாடி மறைக்க என்னால முடியாது.

நேத்து நான் சண்டை போட்டது ரசத்துல உப்புக்காக இல்லை. சர்வேஷ் ரிசல்ட் வாங்கின அன்னைக்கு ஆட்டோவுல கல்லு மாதிரி உக்காந்து வந்தீங்க. நேத்து உங்க தம்பி போன் பண்ணி அவங்க பிள்ளைக்கு ஒண்ணும் இல்லைன்னு சொன்னதும் அழுதீங்க.

சர்வேஷ் ரத்தத்துல கோளாறு இன்னதுன்னு கண்டுபிடிச்சதாலதான் அவளுக்கு டெஸ்ட்டே எடுக்க முடிஞ்சுது. அதை அவளா சொல்றாளான்னு பாருங்க. நீங்க எடுத்துக் குடுக்காதீங்க. சொன்னா எனக்கு போன் பண்ணுங்க.

சுதா

அவ பால்கோவா கொண்டுவருவா. சர்வேஷ் பார்க்கிறதுக்குள்ள பீரோவுல வச்சுப் பூட்டிடுங்க.

எனக்கும் கொஞ்சம் வைங்க. அவன் தூங்கினதும் சாப்பிட்டு, வாய் கொப்பளிச்சிட்டுத்தான் அவன் பக்கத்துல படுப்பேன்.