கோள்காரர் போனை எடுக்கவில்லை

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்பளவில் சௌக்கியம், மனசளவில் நான் எப்படி இருக்கிறேன் என்பதைக் கீழே எழுதுகிறேன். நீ சௌக்கியம் என்பதை உன் கையெழுத்தில் பார்த்தால்தான் எனக்கு நம்பிக்கை வரும், போனில் நீ எப்போதும் நல்லா இருக்கேன்பா என்றுதான் சொல்கிறாய், காய்ச்சலில் கிடந்தபோதும் அதையேதான் சொன்னாய். அம்மாவுக்கு டிப்போவில் ஷிப்ட் மாறிவிட்டது, இப்போது காலை ஆறு மணி பஸ்களுக்கு நேரம் குறிக்கிறாள், டிரைவர்களை மிரட்டுவதில் முன்பைவிடத் தேறியிருக்கிறாள். அத்தைக்கு முட்டிவலி இறங்கித் தோள்வலி ஏறியிருக்கிறது. சித்தப்பா மகன் டிரைவிங் டெஸ்டில் மூன்றாவது தடவையும் கோட்டை விட்டுவிட்டு வண்டிமேல் பழி போடுகிறான். எனக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் அதே வேலை, லென்ஸை அரைப்பது, ஃபிரேமில் பொருத்துவது, துடைத்துக் கொடுப்பது. இதையெல்லாம் முதலில் எழுதுவதற்குக் காரணம், சொல்ல வந்ததை ஆரம்பிக்க இன்னும் பயமாக இருக்கிறது. போனில் சொல்லியிருக்கலாம், என் குரல் நடுங்குவதைக் கேட்டு நீ வேலையைப் போட்டுவிட்டு விமானம் ஏறிவிடுவாயோ என்றுதான் எழுதுகிறேன். யாரும் சாகவில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு நான் போனும் கையுமாக உட்கார்ந்துவிடுகிறேன் என்று அம்மா உன்னிடம் குறை சொல்லியிருப்பாள். நூலகத்தில் வாசிப்பறைக் கூரை ஒழுகுகிறது என்று பூட்டிய பிறகு, நூலகத்து அம்மா நாலு பேரை ஒரே அழைப்பில் சேர்த்து, அந்த வாரம் படித்ததை ஆளுக்குப் பத்து நிமிஷம் சொல்ல வைத்தார். அவர் ஒருவர், நான் ஒருவன், ரொட்டிக்கடை நடத்தும் ஒரு அம்மா, அப்புறம் தனியாக இருக்கும் ஒரு பெரியவர். எனக்கு வாழ்க்கை வரலாறுதான் பிடிக்கும் என்பது உனக்குத் தெரியும், அதுவும் அவரவரே எழுதியது. என்னைப் போலப் பயந்து பயந்து வாழ்ந்தவர்களும் எப்படியோ கடைசிப் பக்கம்வரை வந்து சேர்ந்திருக்கிறார்களே என்று ஒரு தெம்பு. ரொட்டிக்கடை அம்மாவுக்குப் புராணக் கதைகள், எந்த நாட்டுப் புராணமானாலும் சரி. பாதாளத்துக்குப் போனவரைத் தேடி இன்னொருவர் கட்டாயம் போவார், அந்தக் கதை இல்லாத ஊரே இல்லை என்பார். அவர் சொல்லும்போது சூரியனை விழுங்கிய பாம்புக்கு அஜீரணம் ஆனதுகூட அடுத்த தெருவில் நடந்த மாதிரி இருக்கும். பெரியவருக்கு வானம். கோள்களைத் தவிர வேறு பேச்சே கிடையாது என்பதால் ரொட்டிக்கடை அம்மா அவருக்குக் கோள்காரர் என்று பெயர் வைத்தார். உன் அம்மா அதைக் கேட்டுவிட்டு, யாரைப் பத்திக் கோள் சொல்றாராம் என்றாள். அவரிடம் இதைச் சொன்னபோது மனுஷர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. சனிக்கோளின் வளையம் பதினைந்து வருஷத்துக்கு ஒருமுறை நம் கண்ணுக்கு மறைந்துபோகும், விளிம்பு நம் பக்கம் திரும்புவதால் கோடு மாதிரி மெலிந்துவிடும், இருந்தும் தெரியாது என்று ஒரு ஞாயிறு சொன்னார். மிச்சத்தை அடுத்த ஞாயிறு சொல்கிறேன் என்று வைத்தார்.

அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. மூன்று வருஷத்தில் ஒரு வாரம்கூடத் தவறாதவர். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. தூங்கியிருப்பார், உறவுக்காரர் வீட்டுக்குப் போயிருப்பார் என்று மற்ற இருவரும் சொன்னார்கள், எனக்குக் கையில் எடுத்த சாப்பாடு வாய்க்குப் போகவில்லை. கதவை யாராவது தட்டினால்கூட முதலில் அம்மாவை அனுப்புகிற ஆள்தானே நான், அதனால் என் பயத்தை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. திங்கட்கிழமை காலையில் பதினோரு தடவை அழைத்தேன். நூலகத்து அம்மா அவருடைய அட்டையைத் தேடி எடுத்தார். அதில் இருந்த பெயரை நாங்கள் ஒருநாளும் சொல்லிக் கூப்பிட்டதில்லை, யாரோ அந்நியரின் பெயர் மாதிரி இருந்தது. முகவரி பழையது, அந்த வீட்டை அவர் காலி செய்து இரண்டு வருஷம் ஆகிறதாம். போலீஸில் பெயரையும் போன் நம்பரையும் எழுதிக்கொண்டார்கள், பெரியவர் எங்காவது வெளியூர் போயிருப்பார், இரண்டு நாள் பாருங்கள் என்றார்கள். வளையத்தைப் பற்றி அவர் மணிக்கணக்காகப் பேசியிருக்கிறார், எந்தத் தெருவில் இருக்கிறார் என்று நாங்கள் ஒருவரும் கேட்கவில்லை.

நான் கூட்டத்தில் கேட்பதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைப்பேன். கடையில் கண்ணாடி வாங்க வந்தவர்களைக் காக்கவைத்துவிட்டு அதைப் புரட்டினேன். போன பௌர்ணமி அன்று சமையலறை ஜன்னலில் நிலா எழுந்ததைச் சொல்லியிருந்தார், இடது கைப்பக்கம் தண்ணீர்த் தொட்டி, வலது கைப்பக்கம் பழைய மில்லின் புகைபோக்கி, இரண்டுக்கும் நடுவில் வாசலில் வந்து நிற்கிற பெண் மாதிரி நின்றது என்று. எங்கள் கடை மாடியில் ஏறிப் பார்த்தேன். நான் கிழக்கே இருக்கிறேன், எனக்குத் தொட்டி வலதுபக்கம் தெரிகிறது, புகைபோக்கி இடதுபக்கம். அப்படியானால் அவர் நேர் எதிரே, தொட்டிக்கு மேற்கே எங்கேயோ இருக்கிறார். அங்கே நூற்றுக்கணக்கான வீடுகள். இதை ரொட்டிக்கடை அம்மாவிடம் போனில் சொன்னேன். அவர், கூட்டத்தில் எப்போதும் ஒரு மெஷின் சத்தம் கேட்குமே, மாவு பிசைகிற மெஷின், பெல்ட் தளர்ந்து மூச்சு வாங்குகிற சத்தம், அது என் கடைச் சத்தம் என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தேன் என்றார். நேற்று என் மெஷின் ஓடியது, ஆனால் அந்த மூச்சு வாங்குகிற சத்தம் மட்டும் இல்லை என்றார். அப்படியானால் அது பெரியவரின் போன் வழியாக வந்துகொண்டிருந்த சத்தம். தொட்டிக்கு மேற்கே அப்படிப்பட்ட பழைய மெஷின் வைத்திருப்பது ஒரே ஒரு ரொட்டிக்கடைதான், அந்தக் கடைக்காரர் இவரிடம் ஈஸ்ட் கைமாற்று வாங்குகிறவராம்.

அரைநாள் லீவு சொல்லிவிட்டு அந்தக் கடைக்குப் போனேன். ரொட்டிக்கடை அம்மாவை அன்றுதான் முதல்முதலாக நேரில் பார்க்கிறேன், குரலை வைத்து உயரமாக இருப்பார் என்று நினைத்திருந்தேன், என் தோள் உயரம்தான், புருவத்தில் மாவு. கடைக்காரர் மேலே கையைக் காட்டினார், மூன்றாவது மாடி பின்பக்கம், தொலைநோக்கி வைத்திருக்கிற பெரியவர், சனிக்கிழமை காலையில் ரொட்டி வாங்கிக்கொண்டு போனார், அப்புறம் பார்க்கவில்லை என்றார். படிக்கட்டில் வெளிச்சம் இல்லை. தட்டினோம், கூப்பிட்டோம், உள்ளே தாழ்ப்பாள். ஆம்புலன்சுக்குச் சொன்னால் வர முக்கால் மணி நேரம் ஆகும் என்றார்கள். உன்னிடம் மட்டும் ஒன்று சொல்கிறேன் கண்ணு, அந்த நிமிஷம் திரும்பி இறங்கிப் போய்விடலாம் என்று எனக்குத் தோன்றியது. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமலே இருந்துவிடலாம், மற்றவர்கள் வந்து பார்த்துக்கொள்ளட்டும் என்று. கால்கூட ஒரு படி இறங்கிவிட்டது. ரொட்டிக்கடை அம்மா அதைப் பார்த்தார். கதவை ஒட்டி ஒரு சின்ன ஜன்னல், பட்டை பட்டையாகக் கண்ணாடி சொருகியது. கண்ணாடி என்றால் என் கை தானாகப் போகும். சட்டைப்பையில் எப்போதும் இருக்கிற சின்ன ஸ்குரூ டிரைவரால் விளிம்புத் தகட்டை நெம்பி ஒவ்வொரு பட்டையாக உருவினேன். இரண்டாவதை எடுத்ததும் உள்ளே தரையில் ஒரு வெறும் பாதம் தெரிந்தது. அசையவில்லை. இருபத்தெட்டு வருஷம் லென்ஸ் பிடித்த கையிலிருந்து மூன்றாவது பட்டை நழுவி உடைந்து உள்ளங்கையைக் கிழித்துவிட்டது. அப்போதுதான் ரொட்டிக்கடை அம்மா சொன்னார், “நீங்க கண்ணாடிய மட்டும் பாருங்க. உள்ள பாக்காதீங்க. உள்ள நான் பாத்துக்கறேன்.” சொல்லிவிட்டு ஜன்னலில் வாயை வைத்து, கோள்காரரே, நான் ரொட்டிக்கடைக்காரி, அசையாம இருங்க, வந்துட்டோம் என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருந்தார்.  ஐந்து பட்டை எடுத்த பிறகு தோள்வரை கையை விட்டுத் தாழ்ப்பாளை இழுத்தேன்.

சனிக்கிழமை சாயங்காலம் ஸ்டூல்மேல் ஏறி ஜன்னலைத் துடைக்கும்போது விழுந்திருக்கிறார், இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. போன் மேஜைமேல், எட்டவில்லை. பக்கத்தில் உருண்டு கிடந்த பாட்டிலில் அரைப்பங்கு தண்ணீர் இருந்தது, அதில்தான் இரண்டு நாள் ஓட்டியிருக்கிறார். உதடு வெடித்து, கண் உள்ளே போய், சட்டை ஈரமாகி, அந்த வாசனையெல்லாம் நான் எழுதப் போவதில்லை. நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், ரொட்டிக்கடை அம்மா முந்தானையை நனைத்து உதட்டில் வைக்கிறார். பெரியவர் கண்ணைத் திறந்து காற்று மாதிரி ஒரு குரலில், “கூட்டம் முடிஞ்சிடுச்சா?” என்றார். இல்லை, உங்களுக்காக நிறுத்தி வைத்திருக்கிறோம் என்று அந்த அம்மா சொன்னார். நான் அந்தப் பக்கம் திரும்பி நின்று அழுதேன்.

சிறுநீரகம் கெட்டுவிடுமோ என்று டாக்டர் நாலு நாள் பிடி கொடுக்காமலே பேசினார். ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து ஆஸ்பத்திரி வாசலில் நிற்பேன், உள்ளே போகப் பயம், போகாமல் இருக்கவும் பயம். ஐந்தாம் நாள் தேறிவிட்டார், ஆபரேஷனும் ஆயிற்று, இனிமேல் கைத்தடி இல்லாமல் நடக்க முடியாதாம். அவருடைய மகன் தூர தேசத்திலிருந்து வந்து சேர்ந்தான், உன் வயசுதான் இருக்கும். சனிக்கிழமை காலையில் அப்பாவோடு பேசினானாம், நன்றாக இருக்கிறேன் என்றாராம், அடுத்த சனிக்கிழமைதான் மறுபடி கூப்பிட்டிருப்பானாம். ஆஸ்பத்திரி நடையில் என் பக்கத்தில் உட்கார்ந்து எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று மூன்று முறை கேட்டான். பிறகு, “எனக்கு அப்பா எந்த மாடின்னே தெரியாது சார்” என்றான். இப்படியும் ஒரு பிள்ளையா என்று எனக்குக் கோபம் வந்தது, வாய் திறக்கப் போனேன். உன் வீட்டுக் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று எனக்குத் தெரியுமா என்று உடனே தோன்றிவிட்டது, மூடிக்கொண்டேன்.

போன ஞாயிறு கூட்டம் வார்டிலேயே நடந்தது, நாலு பேரும் முதல்முறையாக ஒரே இடத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு. கீழே விழுந்து கிடந்தபோது நட்சத்திரங்களை நினைத்துக்கொண்டீர்களா என்று நூலகத்து அம்மா ஆசையாகக் கேட்டார். பெரியவர் இல்லையென்று தலையை ஆட்டினார். வானத்தைப் பற்றி ஒன்றுமே ஞாபகம் வரவில்லை, கீழேயிருந்து ரொட்டி வாசனை வந்துகொண்டே இருந்தது, அங்கே ஆள் இருக்கிறார்கள் என்று தெரிந்தும் கத்தக் குரல் எழும்பவில்லை, அதுதான் எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது என்றார்.  பாதாளத்துக்குப் போனவர் கதையைச் சொல்லுங்கள் என்று அவரே ரொட்டிக்கடை அம்மாவைக் கேட்டார், அது இன்னிக்கு வேண்டாம், வேற சொல்றேன் என்று அவர் ஒரு குரங்குக் கதையை எடுத்துவிட்டார், பக்கத்துக் கட்டில்காரர்கூட எழுந்து உட்கார்ந்து கேட்டார்.

இப்போது உன் விஷயம். பதினோராவது மாடியில் நாலு வருஷமாகத் தனியாக இருக்கிறாய். எதிர்வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று போன தடவை அம்மா கேட்டதற்கு, ஒரு ஜோடிச் செருப்பு இருக்கும்மா, ஆளைப் பார்த்ததில்லை என்று சொன்னாய், நாங்களும் சிரித்துவிட்டோம். பெரியவர் வீட்டுக் கதவைத் திறந்த நாளிலிருந்து அந்தச் செருப்புதான் எனக்குக் கண்ணில் நிற்கிறது. குளியலறையில் வழுக்கினால், காய்ச்சலில் எழுந்திருக்க முடியாவிட்டால், எத்தனை நாள் கழித்து யாருக்குத் தெரியும்? ஆய்வுக்கூடத்தில் உன்னைத் தேடுவார்கள் என்பாய், வெள்ளிக்கிழமை சாயங்காலம் விழுந்தால் திங்கட்கிழமைதானே தேடுவார்கள்? இதை அம்மாவிடம் சொன்னபோது அவளுக்கு என்னைக் கிண்டல் பண்ணத் தோன்றவில்லை, எழுந்து போய் உன் போட்டோவைத் துடைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். எதற்கும் பயப்படாதவள் அப்படி உட்கார்ந்ததும் எனக்கு இருந்த கொஞ்ச நஞ்சத் தைரியமும் போய்விட்டது. அதனால் உன்னிடம் ஒன்று கேட்கிறேன், தட்டாதே. இந்தக் கடிதம் கிடைத்த அன்றைக்கே எதிர்வீட்டுக் கதவைத் தட்டி உன் பெயரைச் சொல், அவர்கள் பெயரைக் கேள், இரண்டையும் எங்களுக்கு எழுது, போன் நம்பரோடு. ஒரு சாவியை நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வை. ஸ்டூல்மேல் ஏறாதே.

நீ போகிற இடமெல்லாம் உன்னைத் தேடுகிற ஆட்கள் இருக்கட்டும், நோய் நொடி இல்லாமல் நீண்ட காலம் நிறைவாக இரு என்று அம்மாவும் நானும் சேர்ந்து வாழ்த்துகிறோம். எதிர்வீட்டுக்கு வெறுங்கையோடு போகக் கூச்சமாக இருந்தால் ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய்ப் படித்துவிட்டுத் தாருங்கள் என்று கொடு. திருப்பிக் கொடுக்கவாவது அவர்கள் ஒருநாள் வந்து உன் கதவைத் தட்டுவார்கள்.

இப்படிக்கு,
தபால்காரர் வரும் நேரமெல்லாம் வாசலில் நிற்கும்
உன் அப்பா